ஒட்டாத வர்ணம்

மழை விட்டும் தூவானம் விடாத ஐப்பசி ஞாயிறு. மாலை நான்கு மணி இருக்கும். என் தங்கை மகன் ஒரு செருப்புப் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தான். பதினான்கு வயதுப் பையன். வழக்கமாக இரண்டிரண்டு படிகளாகத் தாவுகிறவன், அன்றைக்கு ஒவ்வொரு படியாக ஏறினான்.

“என்ன கண்ணு?” என்றேன்.

“போச்சுங் மாமா” என்றான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு விமானம் இருந்தது. அரைச் சாணைவிடச் சற்றே நீளம். ‘நாட்’ என்ற போர்விமானத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரி அது. ‘நாட்’ என்றால் ஆங்கிலத்தில் கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சி. இங்கிலாந்தில் பிறந்து, பெங்களூரிலும் தயாராகி, 1965-ம் வருஷத்து யுத்தத்தில் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களைத் துரத்திப் பெயர் வாங்கிய விமானம். அந்த நாளில் அதற்குப் பச்சையும் பழுப்புமான மறைப்பு வர்ணம் கிடையாது. உலோகத்தின் வெள்ளி நிறத்திலேயே பறந்தது.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு விமானப் பைத்தியம் பிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. சூலூர் விமானத் தளம் திருப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் போர்விமானங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும்போது, இவன் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மொட்டை மாடிக்கு ஓடுவான்.

இரண்டு மாதமாக, மூக்குப்பொடி அளவு பாகங்களை எல்லாம் இடுக்கியால் எடுத்து ஒட்டி முடித்திருந்தான். பிறகு ஹார்டுவேர் கடைக்குப் போய், மோட்டார் சைக்கிளில் கீறல் விழுந்தால் அடிக்கிற வெள்ளி நிற ஸ்பிரே பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வந்து, சனிக்கிழமை மாலை மழை ஈரத்தில் நின்று அடித்திருக்கிறான். ஒரே இரவு. இறக்கையின் மேல்தோல் வெடித்து, வற்றிய குளத்துக் கரம்பை போல ஆகியிருந்தது. வயிற்றுப் பக்கம் வர்ணம் வழிந்து, மெழுகுவர்த்திக் கண்ணீர்போலத் தொங்கிற்று. வால் பக்கத்திலோ பளபளப்பு செத்து, பாலாடை படிந்தாற்போல் வெளுத்துக் கிடந்தது.

என் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாயப்பட்டறையில் மாஸ்டராக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பேரன் கையிலிருந்து விமானத்தை வாங்கி, கட்டைவிரலால் இறக்கையை ஒரு முறை தடவினார்.

“துணின்னாக் குடிக்கும். இது எப்படிக் கண்ணு குடிக்கும்?” என்றார். அவ்வளவுதான்.

பையன் என்னைப் பார்த்தான். நான் பிளஸ் டூவோடு நின்றவன். ரசாயனத்தில் நான் தேறியது இன்றுவரை எனக்கே ஆச்சரியமான விஷயம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவன் ஏன் இப்படி நடந்துகொண்டான் என்று தெரிய வேண்டுமானால், அவனுடைய பாட்டன் பூட்டன்வரை விசாரிக்காமல் விடமாட்டான். ஒரு டப்பா வர்ணத்துக்கும் பாட்டன் பூட்டன் இருக்கத்தானே வேண்டும்? விசாரித்தேன். வம்சம் நான் நினைத்ததைவிடப் பழமையானது. அதில் ஒரு கிளை நம்முடைய பருத்திக் காட்டுக்கே வந்து சேர்ந்தது என்பதுதான் வேடிக்கை.

உலகத்தின் முதல் தெளிப்பான் மனிதனுடைய வாய்தான். இந்தோனேஷியாவில் சுலவேசித் தீவிலுள்ள குகைச் சுவர்களில் கை அச்சுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014-ம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னார்கள். கையைச் சுவரில் பதித்துக்கொண்டு, அதன்மேல் செம்மண் குழம்பை வாயால் ஊதியிருக்கிறார்கள். பிறகு கையை எடுத்துவிட்டார்கள். கையின்மேல் விழுந்த வர்ணம் அன்றைக்கே கழுவிப் போயிருக்கும். கைக்கு வெளியே விழுந்த வர்ணம் இன்னும் அங்கே நின்று, நடுவில் ஒரு வெற்றுக் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப இதனிடம் வரவேண்டியிருக்கும்.

வாயின் வேலையை யந்திரத்துக்குக் கொடுக்க மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1870-களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஏப்னர் பீலர் என்பவர், காற்றின் வேகத்தால் வர்ணத்தைத் தெளிக்கும் ஒரு கருவியைச் செய்தார். மரக்கட்டை, ஒரு ஸ்பூன், வளைந்துபோன ஒரு தையல் மிஷின் ஊசி முதலியவைதாம் அதன் உறுப்புகள் என்கிறார்கள். உடைந்த ஊசியைக் குப்பையில் எறிகிற ஊர்க்காரனான எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அதன் தத்துவம் எளிமையானது. ஒரு குழாயின் வாய்க்குக் குறுக்கே காற்றை வேகமாக ஓடவிட்டால், குழாயிலுள்ள திரவம் மேலே இழுபடும். இழுபட்ட திரவத்தைக் காற்றே சிதைத்துப் பொடிப்பொடியான துளிகளாக்கிக் கொண்டுபோகும். வாசனைத் திரவியம் பீச்சும் சீசாவும், கொசு மருந்துப் பம்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஓஹையோ மாகாணத்தில் டோலிடோ நகரத்து வைத்தியர் ஆலன் டெவில்பிஸ், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிப்பதற்காக 1880-களின் இறுதியில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் அதே யோசனையை 1907-ல் வர்ணத் துப்பாக்கியாக மாற்றினார். அவர்களுக்கு நடுவே, சிகாகோவில் ஒரு பெரிய கடையின் பராமரிப்பு அதிகாரியான ஜோசப் பிங்க்ஸ் 1887-ல் நிலவறைச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பீச்ச ஒரு பம்பு செய்தார். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் பெரிய கட்டடங்களுக்குத் தூரிகை பிடித்து மாளாது என்று, இப்படிப் பீச்சித்தான் வெள்ளை அடித்தார்கள். ஜனங்கள் அதற்கு ‘வெள்ளை நகரம்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த மூன்று பேருடைய கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. தெளிப்பது என்பது ஊற்றுவது அல்ல. துளிகள் பறந்துபோய் உட்காருவதற்கு அவற்றுக்கு ஒரு தூரம் வேண்டும். டப்பாவை மிக அருகில் பிடித்தால் துளிகள் குட்டையாகத் தேங்கி வழியும். மிகத் தள்ளிப் பிடித்தால் நடு வழியிலேயே காய்ந்து, மணல்போலச் சொரசொரப்பாய் விழும். ஒரு சாணிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று அதிகம்வரை சரியான தூரம். டப்பாவின் குமிழை அழுத்த ஆரம்பிப்பது விமானத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அப்படியே ஒரே சீரான வேகத்தில் அதைக் கடந்துபோய், மறுபக்கத்து வெளியில்தான் விரலை எடுக்க வேண்டும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்தான் டப்பா துப்பும். அந்தத் துப்பலை விமானம் வாங்கிக்கொள்ளக் கூடாது.

முதல் பூச்சு விமானத்தை முழுக்க மூடவே கூடாது. பனி படிந்த மாதிரி இருந்தால் போதும். பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. எங்கள் பையன் ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தான். அவனிடம் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டினேன். வர்ணம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் படிந்தால், அது நிஜ விமானத்தின் அளவில் 72 மடங்கு. அதாவது 7 மில்லிமீட்டருக்கு மேல். ஊத்தப்பம் கனத்துக்கு வர்ணம் அப்பிய விமானம் எங்கேயாவது பறக்குமா? பையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

வழிந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. இறக்கை வெடித்ததற்குக் காரணம் தேடிப் போனபோதுதான் நம்முடைய பருத்தி குறுக்கிட்டது.

ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்தில் ஷோன்பைன் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர் இருந்தார். சமையலறையில் அமிலத்தைக் கொட்டிவிட்டு, அதை மனைவியின் பருத்தி ஏப்ரனால் துடைத்து அடுப்பருகே காயப்போட்டார் என்றும், அது ‘பக்’கென்று பற்றிக்கொண்டு மாயமாய் மறைந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் நனைத்தால் அது வெடிமருந்தாக மாறும் என்று 1846-ல் அவர் உலகுக்கு அறிவித்தது சரித்திரம். வெடிபஞ்சு என்று அதற்குப் பெயர். குன்னூருக்குப் பக்கத்தில் அரவங்காட்டில் 1904-லிருந்து நடந்துவரும் கார்டைட் தொழிற்சாலைக்கும் மூலாதாரம் அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைக் கடந்துதான் போகிறார்கள்.

அந்த வெடிபஞ்சுக்கு ஒரு தம்பி உண்டு. சற்றுச் சாதுவானது. அதைக் கரைப்பான்களில் கரைத்தால் பளபளப்பான ஒரு மெருகு கிடைக்கும். முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, வெடிமருந்துக்காகக் கட்டிய ஆலைகள் வேறு வேலை தேடின. அப்போது அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனி ‘டியூகோ’ என்ற வர்ணத்தைச் செய்தது. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் ஓக்லண்ட் கார்களுக்கு அடித்தது. அதுவரை ஒரு காருக்கு மேல்பூச்சுப் பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இந்த வர்ணமோ மணிக்கணக்கில் காய்ந்தது. ஆனால் தூரிகை ஓடுவதற்குள்ளேயே காய்ந்துவிடுகிற வர்ணத்தைத் தூரிகையால் பூச முடியுமா? தெளித்துத்தான் ஆகவேண்டும். இப்படியாகப் பஞ்சில் பிறந்த வர்ணமும், தையல் ஊசியில் பிறந்த துப்பாக்கியும் கல்யாணம் செய்துகொண்டன. லாக்கர் என்கிறோமே, அந்தக் குடும்பம் இதுதான். இன்றைக்கு அதில் பஞ்சு அல்லாத பிசின்களும் சேர்ந்துவிட்டன.

சீக்கிரம் காய்வதற்குக் காரணம் அதிலுள்ள கரைப்பான்கள். டொலுயீன் போன்றவை. காற்று பட்டதும் பறந்துவிடும். தகரத்தின்மேல் அடித்தால் அவை பறந்துபோவதோடு சரி. விமான மாதிரி தகரம் அல்லவே! இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1952-ல் ‘கோல்டன் ஹிண்ட்’ என்ற பழைய பாய்மரக் கப்பலை இரண்டு ஷில்லிங் விலைக்குப் பையில் போட்டு விற்றது. அந்த நாளிலிருந்து இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக்கும் அதே கரைப்பான்களில் கரையும். பாகங்களை ஒட்டும் பசையே அதைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. ஆக, பையன் தன் விமானத்துக்கு வர்ணம் அடிக்கவில்லை. இறக்கை முழுவதும் பசையை அடித்திருக்கிறான்.

எனவே புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி ‘என்ன நிறம்?’ என்பதல்ல, ‘எதன்மேல் அடிக்கிற வர்ணம்?’ என்பதே. மாதிரிகளுக்கென்றே செய்த டப்பாக்களில் கரைப்பான் சற்றுப் பதமாக இருக்கும். விலை அதிகந்தான். அழுத நேரத்தையும் விலையோடு சேர்த்துப் பார்த்தால் மலிவு. எனாமல் எண்ணெய்ப்பசை உள்ளது. மெதுவாகக் காயும், உறுதியாக நிற்கும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் மிகச் சாது. நாற்றமும் குறைவு. லாக்கர் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலின்மேல் லாக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கிச் சுருட்டிக்கொள்ளும். கனமானவன் கீழே, சாது மேலே என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். எதற்கும் முன்னால் பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒன்று வேண்டும். எந்த டப்பாவை வாங்கினாலும் முதலில் விமானத்தின்மேல் அடிக்காமல், பாகங்களைக் கோத்து வந்த பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் அடித்து, ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டமும் விமானமும் ஒரே பிளாஸ்டிக். அதற்கு நேர்வது இதற்கும் நேரும்.

வர்ணமும் துப்பாக்கியும் ஒரு தகர டப்பாவுக்குள் குடிபுகுந்தது பிந்திய கதை. 1920-களில் நார்வே நாட்டு எஞ்சினீயர் எரிக் ரோத்தைம், அழுத்தத்தில் திரவமாக நிற்கும் வாயுவைக் கொண்டு பீச்சும் டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், காடுகளில் மலேரியாக் கொசுவிடம் மாட்டிக்கொண்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்காக, குட்ஹ்யூ, சல்லிவன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதே தத்துவத்தில் பூச்சிமருந்துக் குண்டு செய்து கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தது. 1949-ல் இலினாய் மாகாணத்தில் எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி ஓர் அலுமினிய வர்ணம் தயார்செய்து, அதை எப்படி வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். “டப்பாவில் அடைத்துப் பீச்சிக் காட்டலாமே” என்ற யோசனையைச் சொன்னவர் அவருடைய மனைவி பானி. வர்ணத்தைவிட டப்பாதான் விலைபோயிற்று. ஆக, உலகத்தின் முதல் ஸ்பிரே பெயிண்ட் எங்கள் பையன் வாங்கியதைப் போலவே வெள்ளி நிறம்.

வெள்ளி நிறத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது சாயம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அலுமினியச் செதில்கள் திரவத்தில் மிதக்கின்றன. தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் அவை அடியில் தங்கியிருக்கும். டப்பாவுக்குள் கடகடக்கும் கோலிக்குண்டு அதற்காகத்தான். அது ஓசை எழுப்பத் தொடங்கிய பிறகும் ஒன்றிரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். மெல்லிய பூச்சாக விழுந்தால் செதில்கள் மீன் செதில்போலப் படுத்துக்கொண்டு மின்னும். கனமாக விழுந்தால் நீந்திப்போய் அங்கங்கே கூட்டம் போடும். அடியிலுள்ள ஒரு கீறலையும் அது மறைக்காது. காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது குற்றம் வால் வெளுத்தது. அதில் பையன்மேல் பழி இல்லை, பஞ்சாங்கத்தின்மேல்தான். லாக்கர் காயும்போது கரைப்பான் பறக்கிற வேகத்தில் அந்த இடம் குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, வர்ணத்துக்குள் சிறைப்பட்டு வெளுப்பாகத் தெரியும். திருப்பூரில் வருஷத்தில் பெரும்பகுதி வறண்ட காற்றுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டப்பாவைத் தொடக் கூடாது. ஆனி, ஆடியிலும் ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளைச் சுழற்றுகிற மாதிரி, அடிக்கிற வர்ணத்தையும் பக்கத்து வீட்டு வேட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வெயில் ஏறிய, காற்று அடங்கிய காலை நேரமே உத்தமம்.

இவ்வளவையும் ஒரு மாதத்தில் தேடிச் சேர்த்துப் பையனுக்குச் சொன்னேன். தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “அடிக்கிறது பூராவும் ஏரோப்ளேன் மேலயா ஒட்டுது?” என்றார்.

இல்லை. கணிசமான பங்கு ஒட்டுவதே இல்லை. விமானம் சிறியது, புகை பெரியது. ஒட்டாமல் போவது காற்றில் மிதந்து, அடிக்கிறவன் நுரையீரலுக்கோ பக்கத்துச் சுவருக்கோ போய்ச் சேர்கிறது. வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு வருகிற வாயுவின் கதையோ இன்னும் பெரியது. ஆரம்பகால டப்பாக்களில் குளோரோஃப்ளோரோகார்பன் என்ற வாயு இருந்தது. பற்றிக்கொள்ளாது, மணக்காது, விஷமும் இல்லை. அதைப்போல நல்ல பிள்ளை உண்டா என்று எல்லோரும் மெச்சினார்கள். 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், அந்த நல்ல பிள்ளை வானத்தின் மேலடுக்குக்குப் போய் ஓசோன் படலத்தைத் தின்னும் என்றார்கள். 1985-ல் அண்டார்டிகாவின்மேல் ஓட்டை தெரிந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. இன்றைய டப்பாக்களில் பெரும்பாலும் சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்த பியூட்டேன், புரோப்பேன்தான். ஓசோனுக்கு ஆபத்தில்லை. ஆனால் தீப்பற்றும். அடுப்பருகிலும் பூஜை விளக்கருகிலும் அதை அழுத்தவே கூடாது.

இந்த ஓசோன் சமாசாரம் ஏதோ வெள்ளைக்காரர் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் ஒரு சிறு துப்பாக்கியால் மருந்தைப் பீச்சிக் கறையை விரட்டுவார்கள். அந்த மருந்தாக ஒரு காலத்தில் நம் நாட்டுத் துணித்தொழிலில் பரவலாக ஓடியது கார்பன் டெட்ராகுளோரைடு. இனிப்பான ஒரு வாடை. ஈரலைக் கெடுப்பது. ஓசோனையும் தின்பது. அதே மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி 2010-ல் அதன் உபயோகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. பையன்கள் விளையாட்டுக்குப் பிடிக்கிற துப்பாக்கியின் பங்காளியைப் பிழைப்புக்காகப் பிடித்திருந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

தகப்பனார் கேட்ட கேள்வியில் அவருடைய முப்பது வருஷமும் இருந்தது. நமது பருத்தித் துணி சாயத்தைக் குடிக்கும் என்று அவர் சொன்னது உண்மை. 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை பருத்தி நூலோடு ரசாயன உறவே வைத்துக்கொள்கின்றன. துவைத்தாலும் போகாது. ஆனால் அந்தச் சாயம் தொட்டியிலுள்ள தண்ணீரோடும் உறவாடிவிடும். அப்படித் தண்ணீரோடு சேர்ந்துவிட்ட பங்கு அப்புறம் நூலில் ஒட்டாது. அதை அலசித்தான் எடுக்க வேண்டும். சாயத்தை நூலுக்குள் தள்ள உப்பு வேறு மூட்டை மூட்டையாய்ப் போடுவார்கள். அந்த உப்பு முழுவதும் அலசலோடு வெளியே வரும்.

“ஷேடு சரியா வந்துச்சான்னுதான் பார்ப்போம். நாலு தண்ணி அலசுவோம். அலசுன தண்ணி எங்க போச்சுன்னு பார்க்க மாட்டோம்” என்றார்.

எங்கே போயிற்று என்று நான் பார்த்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நொய்யல் பாலத்தில் நின்று, இன்றைக்கு என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவோம். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். சிவப்பு ஓடினால் ஐரோப்பாவில் சிவப்புச் சட்டைக்குக் கிராக்கி என்று அர்த்தம். ஆறு எங்களுக்கு ஒரு வேடிக்கை. கீழே சென்னிமலை அருகில் ஒரத்துப்பாளையத்தில், பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த அணையில் அந்த வேடிக்கை முழுவதும் போய்த் தேங்கிற்று. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆயிற்று. தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன உழவனை அதற்குமுன் எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவே வந்தது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடின. அவற்றில் ஒன்றில்தான் என் தகப்பனார் இருந்தார். சில மாதங்களில் பட்டறைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் யந்திரங்கள் வந்தன. அவர் மட்டும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

தை பிறந்தது. பையன் பழைய வர்ணத்தை வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்திருந்தான். இறக்கையின் வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தான். மாதிரிகளுக்கென்று விற்கும் டப்பாக்களாகப் பார்த்து, பிரைமர் ஒன்று, வெள்ளி ஒன்று வாங்கியிருந்தான். வாயு பிடிக்கிற கரி அடைத்த முகமூடி ஒன்றும் வாங்கச் செய்தேன். துணி முகமூடி தூசியைத் தடுக்கலாம், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். ஏற்றுமதிப் பனியன் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து, வாய்ப்பக்கத்தைத் திறந்து, உள்ளே குச்சியில் விமானத்தைச் செருகி நிறுத்தினோம். தெறிப்பது பெட்டியோடு நிற்கட்டும் என்று அது தகப்பனாருடைய யோசனை.

முதல் நாள் அடித்த பிரைமர் சாம்பல் நிறத்தில் வெல்வெட்டுப்போல் காய்ந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தான். கொதிக்கிற தண்ணீர் ஆகாது. டப்பா வெடிக்கும். குலுக்கினான். வெளியே ஆரம்பித்து வெளியே முடித்தான். பனிபோல ஒரு பூச்சு. காத்திருந்தோம். இன்னொன்று. காத்திருந்தோம். அந்தப் பதினைந்து நிமிஷங்களில் பதினான்கு வயதுக்காரன் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே! தாத்தாவோ தொட்டியருகில் ஷேடு ஏறுவதற்குக் காத்து நின்றவர். அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பூச்சில் விமானம் விமானமாயிற்று.

டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, காற்று மட்டும் வருகிறவரை அழுத்தி மூக்கைச் சுத்தம் செய்தான். பிறகு குச்சியோடு விமானத்தை மெல்ல வெளியே எடுத்தான். நாங்கள் மூன்று பேரும் விமானத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தோம்.

பெட்டியின் பின்சுவர் முழுவதும் வெள்ளி. நடுவில் மட்டும் வர்ணம் படாமல், பழுப்பு அட்டையில் இரண்டு இறக்கையும் வாலுமாக ஒரு விமானத்தின் உருவம்.

சுலவேசிக் குகையின் கை எனக்கு நினைவு வந்தது. தகப்பனார் கிட்டே போய், வெள்ளியாயிருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். விரலில் வந்த மினுக்கை வேட்டியில் துடைக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பச்சி, ஏரோப்ளேன் எப்படியிருக்குதுங்க?” என்றான் பையன்.

“ஷேடு நல்லா வந்திருக்குது கண்ணு” என்றார்.

பையனுக்கு முகம் மலர்ந்தது. விமானத்தை வெயிலில் காயவைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிவரை போனவன் நின்றான். கீழே தெரு, தெருக்கோடியில் சாக்கடை, சாக்கடைக்கு அப்பால் நொய்யல்.

“மாமா, இந்தப் பெட்டிய எங்கே போடறதுங்க?” என்று கேட்டான்.

நான் தகப்பனாரைப் பார்த்தேன். அவர் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறது.